தலைக்குள் ஒரு ஃபேன்

பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக மகள் அறிவித்தாள்: "அப்பா, என் தலைக்குள்ள ஃபேன் இருக்காம். டீச்சர் சொன்னாங்க."

ஐந்து வயதில் எதுவும் பெருமைதான். "அப்படியா, நல்லா காத்து வருதா?" என்று கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அவள் டைரியைப் பிரித்த மனைவிதான் அலறினாள். ஃபேன் இல்லை, பேன்.

சன்னலோரம் உட்காரவைத்து முடியை விலக்கிப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஓர் எள் நகர்ந்தது. எள் நகராதே என்பது மூளைக்கு எட்ட எனக்கு இரண்டு நொடி பிடித்தது. அதன்பிறகு பார்த்த இடமெல்லாம் எள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியின் அடியை ஒட்டி வெள்ளை வெள்ளையாக ஈர். பொடுகோ என்ற நப்பாசையில் ஊதிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"நேத்துதாங்க தலைக்குக் குளிக்க வச்சேன்!" என்றாள் மனைவி, நான் ஏதோ குற்றம் சாட்டியதுபோல. அழுக்குக்கும் பேனுக்கும் சம்பந்தமில்லை, அதற்கு வேண்டியது கொஞ்சம் ரத்தமும் பிடித்துக்கொள்ள நாலு முடியும்தான் என்று சமாதானம் சொன்னேன். "நாலு முடி" என்றதும் அவள் என் தலையை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் சீக்கிரமே விளங்கியது. மகளைத் தினமும் அணைத்துக்கொண்டு கதை சொல்லித் தூங்கவைப்பது அவள்தான். சோதித்ததில் அவள் தலையிலும் இரண்டு அகப்பட்டன. வீட்டில் மிச்சமிருப்பது என் தலை. அதில் ஒரு பேன் வந்து இறங்கினால் ஒதுங்க நிழலில்லாமல் திரும்பிப் போய்விடும். ஆக, பேன் பார்க்கும் உத்தியோகம் ஏகமனதாக எனக்கு வந்து சேர்ந்தது.

மாமியார் போனில் தைரியம் சொன்னார். "ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதீங்க மாப்பிள்ளை." ஒரு நாளைக்கு 6 முதல் 8 முட்டை வரை போடுமாம் அத்தை, அது தானாகவே பெருமாளாகிவிடும் என்றேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் எழுதினார். தேய்த்து 10 நிமிடம் விட்டு அலசவேண்டும். மருந்துக்குத் தப்பும் ஈர் பொரித்து வருமாம், அவை பெரிதாகி முட்டை போடுவதற்குள் 9ஆம் நாள் இன்னொரு தடவை. அதோடு விட்டிருக்கலாம். "எத்தனை நாளா அரிக்குது?" என்று கேட்டார். நாலைந்து நாளாக என்றோம். "அப்ப பேன் வந்து ஒரு மாசமாவது ஆகியிருக்கும்" என்றார். பேனின் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல்தான் அரிப்பு வருகிறது, முதல் தடவை என்றால் அது தொடங்கவே 4 முதல் 6 வாரம்கூட ஆகலாமாம்.

ஒரு மாதம்! வீட்டுக்கு வந்ததும் போனில் போட்டோக்களைப் பின்னோக்கித் தள்ள ஆரம்பித்தோம். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். எங்கள் குடும்பத்து செல்ஃபி ஒவ்வொன்றிலும் தலையோடு தலை ஒட்டித்தான் இருந்தது. என் அண்ணன் குடும்பம், மனைவியின் தங்கை, பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொருவரையும் அழைத்து, நலம் விசாரித்து, வானிலையெல்லாம் பேசி, "அப்புறம்... தலை ஏதாவது அரிக்குதா?" என்று கேட்பதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். "இதுக்குப் போயா கூப்பிட்ட?" என்றான் அண்ணன். பின்னணியில் சரக் சரக்கென்று சொறியும் சத்தம் கேட்டது. எதையும் ஒப்புக்கொள்ளாமல் போனை வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. இதை எழுதும்போது எனக்கே, முடியில்லாத இடத்தில், அரிக்கிறது.

மனைவி இதற்குள் தலையணை உறைகளைக் கொதிநீரில் போட்டிருந்தாள். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும், கடைசி 2 நாள் தலையில் பட்டதைத் துவைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போன வருடத்துக் குளிர்க் குல்லாவையும் விடவில்லை. கரடிப் பொம்மை பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது.

என் உத்தியோகத்துக்கு வருகிறேன். ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பை அடியிலிருந்து நுனிவரை இழுத்து, வெள்ளைத்தாளில் துடைக்கவேண்டும். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம். இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது சுமார் 3,700 வருடத்துக்கு முந்தைய தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் கீறியிருந்த வரியைப் படித்துச் சொன்னது 2022இல்தான். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேன்களை இந்தத் தந்தம் வேரோடு ஒழிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். கழுத்து வலிக்க ஒரு மணி நேரம் சீவியவன்தான் அதை எழுதியிருப்பான், சந்தேகமே இல்லை.

மகளுக்கோ அந்த வெள்ளைத்தாள் சர்க்கஸ் கூடாரம். "இது அம்மா பேனா, பாப்பா பேனா? எதுக்கு ஆறு காலு?" முதல் பேனை நான் நகத்தில் வைத்து டப்பென்று குத்தியதும் ஊரைக் கூட்டிவிட்டாள். சமரசமாக, ஒன்றை மட்டும் குட்டி பாட்டிலில் போட்டு இறுக மூடிக் கொடுத்தேன். பெயர், குட்டி ஃபேன். மறுநாள் காலை அது மந்தமாகக் கிடந்தது. "பசிக்குதுப்பா அதுக்கு. என் தலையில கொஞ்ச நேரம் விட்டு, சாப்பிட்டதும் எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் குட்டி ஃபேன் நின்றுவிட்டது. பூந்தொட்டியில் அடக்கம்.

9ஆம் நாள் இரண்டாவது தடவையும் மருந்து போட்டாயிற்று. அடுத்த ஒரு வாரமும் நாள் தவறாமல் சீவினேன். நேற்று மூன்று முறை துடைத்தும் தாள் வெள்ளையாகவே இருந்தது. நானும் மனைவியும் கைகுலுக்கிக்கொள்ளாத குறை. மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லையாப்பா?"

"ஒண்ணுகூட இல்லடா கண்ணு."

முகம் சுருங்கிவிட்டது. பிறகு என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்லப்பா. என் பெஞ்சுல உக்கார்ற பாப்பாகிட்ட நிறைய இருக்கு. நாளைக்குத் தலையோட தலை முட்டி ஒண்ணு வாங்கிட்டு வரேன்."