கேட்டுக்குள் ஒரு போகேஸ்டாப்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் குடியிருப்பில், நடந்துகொண்டே போனில் போகிமான்களைப் பிடிக்கும் போகிமான் கோ விளையாடியவர்கள், எனக்குத் தெரிந்து, மூன்றே பேர். நான், என் மகன், ஏழாவது பிளாக்கில் ஒரு கல்லூரி மாணவன். சென்னை ஓஎம்ஆரில் இருக்கும் பெரிய வளாகம், பத்து பிளாக், நானூறுக்கு மேல் வீடுகள். விளையாட்டைத் திறந்தால் எங்கள் வளாகம் முழுக்கப் பச்சை நிறம் மட்டும்தான் தெரியும், விளையாட்டுக்கான பொருள் எடுக்கும் இடமான போகேஸ்டாப் ஒன்று கூடக் கிடையாது. பக்கத்தில் இருந்த ஒன்று மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் கோயில், அங்கேயும் போக முடியாது. அந்தச் சமயத்தில் போகேஸ்டாப்பில் பொருள் எடுக்க எட்டும் தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 மீட்டராக்கினார்கள். பலருக்கு வீட்டில் இருந்தபடியே எட்டியது, எங்களுக்கு எட்டவில்லை. சாயங்காலம் மாஸ்க் போட்டுக்கொண்டு வாக்கிங் டிராக்கில் பையனைக் கூட்டிக்கொண்டு நடப்பேன், போகிமானைப் பிடிக்கும் பந்து தீர்ந்துபோய்ப் பாதியிலேயே அவன் முகம் வாடிவிடும். அப்போதுதான், இங்கேயே ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தேன்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போகேஸ்டாப் என்பது நிஜ உலகத்தில் இருக்கும் ஓர் இடம்: கோயில், சிலை, பூங்கா, சுவரோவியம் மாதிரி. அதன் அருகே போனால் விளையாட்டுக்குத் தேவையான பொருள்கள் கிடைக்கும். இந்த இடங்களில் பெரும்பாலானவற்றைப் போகிமானுக்கென்று யாரும் உட்கார்ந்து சேர்க்கவில்லை. 2012இல் வந்த இன்கிரஸ் என்ற விளையாட்டுக்காக அதை விளையாடியவர்களே தெருத்தெருவாகப் போய்ப் படமெடுத்து அனுப்பியவை. 2016 ஜூலையில் போகிமான் கோ வந்தபோது, இரண்டையும் உருவாக்கிய நயான்டிக் நிறுவனம் அதே பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டது, இந்தியாவுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தது. அதனால் இன்கிரஸ்காரர்கள் நடந்த இடமெல்லாம் நிறைந்து கிடக்கும், அவர்கள் கால் படாத இடம் காலியாக இருக்கும். செக்யூரிட்டி நிற்கிற கேட்டுக்குள் வெளியாள் எப்படி நடந்திருப்பார்? உள்ளே இருப்பவர்தான் சேர்க்க வேண்டும். 2019இல், விளையாடுபவர்களே புது இடங்களைப் பரிந்துரைக்கவும் மதிப்பிடவும் வேஃபேரர் என்ற தளம் வந்தது. போகிமான் கோவில் 40ஆம் நிலையில் இருப்பவர்கள் பரிந்துரைக்கலாம் என்று தொடங்கி, பிறகு 38, 37 என்று இறங்கியது. நான் அப்போது 40ஐத் தொட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

பரிந்துரைக்கப் போகிறேன் என்று விளையாட்டு வாட்ஸப் குரூப்பில் சொன்னதும் பாதிப் பேர் "கேட்டட் கம்யூனிட்டியா? வேலைக்கு ஆகாது" என்றார்கள். இந்த எண்ணம் இன்றைக்கும் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். விதி அப்படி இல்லை. ஓர் இடம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை, சிலர் பாதுகாப்பாக நடந்துபோய் அடைய முடிந்தால் போதும். கேட் போட்ட குடியிருப்பு, அலுவலக வளாகம் எல்லாம் அதில் வரும். தடை இருப்பது ஒரு குடும்பம் வாழும் தனி வீட்டின் எல்லைக்குள் இருக்கும் பொருளுக்கு. அந்தத் தடைக்கு ஒரு கதை உண்டு. விளையாட்டு வெளியான சில வாரங்களிலேயே, வீட்டு வாசலில் முகம் தெரியாதவர்கள் வந்து நிற்கிறார்கள் என்று அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் ஒரு போகேஸ்டாப்போ, விளையாட்டுக்குள் சண்டை நடக்கும் இடமான ஜிம்மோ இருந்தால் அதை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்கலாம் என்று ஆனது. ஆகவே வில்லாக்கள் இருக்கும் வளாகத்தில் நடுவில் இருக்கும் பூங்காவைத் தரலாம், ஒரு வில்லாவின் முற்றத்தில் இருக்கும் அழகான துளசி மாடத்தைத் தரக்கூடாது. எனக்கு இது முழுக்க நியாயமாகவே படுகிறது.

ஆனால் விளையாட்டின் விதி இடம் கொடுக்கிறது என்பது ஒன்று, கூடவே குடியிருப்பவர்கள் சம்மதிக்கிறார்கள் என்பது இன்னொன்று. நான் முதலில் அசோசியேஷன் செகரட்டரியிடம் போனேன். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "ஏம்மா, இதனால வெளி ஆளுங்க உள்ள வருவாங்களா?"

நல்ல கேள்வி. 80 மீட்டர் எட்டும் என்பதால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒன்று வந்தால் வெளியே சாலையில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கிருந்தே பொருள் எடுப்பார்கள். நடுவில் இருந்தால் கேட்டில் வந்து கேட்பார்கள், செக்யூரிட்டி அண்ணன் இல்லை என்பார், அதோடு சரி. உண்மையான தொல்லை ஜிம் வந்தால்தான். வரைபடம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விளையாடுபவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் கணக்குப்படி ஒரு பெரிய கட்டத்தில் இரண்டு இடங்கள் சேர்ந்தால் அதில் ஒன்று ஜிம் ஆகும், ஆறு சேர்ந்தால் இரண்டாவது, இருபதில் மூன்றாவது. ஜிம் என்றால் பலர் சேர்ந்து ஒரு பலமான போகிமானோடு மோதும் ரெய்டு, ரெய்டு என்றால் கூட்டம். இதையெல்லாம் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். ஜிம் வந்தால் வெளியாட்களை நானே பொறுப்பெடுத்து உள்ளே அழைக்க மாட்டேன், விளக்கத்திலேயே "குடியிருப்பவர்களுக்கு மட்டும்" என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசிவிட்டுச் சரி என்றார்கள். இரண்டு வாரம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான். கேட்காமல் அனுப்பியிருந்தால் அந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும், ஆனால் லிஃப்டில் செகரட்டரியைப் பார்க்கும்போது என்னால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.

அப்புறம் எதைக் கொடுப்பது என்ற யோசனை. உடற்பயிற்சி செய்ய, ஆராய, மனிதர்கள் கூடிப் பேச, இந்த மூன்றில் ஒன்றுக்கு உதவும் இடம்தான் தேறும். சிறுவர் பூங்கா, ஷட்டில் கோர்ட், வாசலில் இருக்கும் பிள்ளையார் கோயில் இதெல்லாம் சுலபம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் வைக்கிற நவராத்திரிக் கொலு வேண்டாம், பத்து நாளில் கலைந்துவிடும், நிரந்தரமாக இருப்பதுதான் செல்லும். பிளே ஸ்கூல் சுவரில் அழகான ஓவியங்கள் உண்டு, ஆனால் குழந்தைகள் பள்ளி எந்த வயதுக்கானதாக இருந்தாலும் கூடாது. நீச்சல் குளத்தை நானே விட்டுவிட்டேன். அங்கே கையில் போனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்பதை நம் வீட்டுப் பெண்கள் யாரும் விரும்ப மாட்டார்கள்.

மின்மாற்றி அறைச் சுவரில் எங்கள் பிள்ளைகள் வரைந்த கடல் ஓவியம் முதல் முறை நிராகரிக்கப்பட்டது. தப்பு என் படத்தில். இருட்டும் நேரத்தில் எடுத்திருந்தேன், ஓரத்தில் இரண்டு குழந்தைகளின் முகமும் ஒரு காரின் நம்பர் பிளேட்டும் விழுந்திருந்தன. மதிப்பிடுகிறவர்களும் நம்மைப் போல விளையாடுபவர்கள்தான், அவர்கள் நம் வளாகத்துக்குள் வந்து பார்க்க முடியாது. சென்னைக்கு கூகுளின் ஸ்ட்ரீட் வியூ, அதாவது தெருக்களின் படம், வந்ததே 2022இல்தான், அதுவும் சாலையோடு நின்றுவிடும், கேட்டைத் தாண்டாது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் படத்தில் சுவரோவியம் எப்படித் தெரியும்? ஆக, கூட அனுப்பும் இரண்டாவது படம்தான் நமக்கு ஒரே சாட்சி. சுற்றியிருக்கும் கட்டடங்கள், பாதை, பக்கத்து மரம் எல்லாம் தெரிய, கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். காலை ஏழரை வெயிலில் மறுபடி எடுத்து அனுப்பினேன், ஏற்கப்பட்டது. இன்னொன்றையும் அழுத்தியே சொல்கிறேன். தன் பால்கனிக்கு எட்ட வேண்டும் என்றோ, காலியான கட்டத்தில் விழ வேண்டும் என்றோ வரைபடத்தில் புள்ளியை நகர்த்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய். பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் புள்ளி இருக்க வேண்டும்.

இப்போது என் மனதில் இருப்பது வேறு ஓர் இடம். வளாகத்தின் பின்மூலையில், தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரம். அதனடியில் மஞ்சள் பூசிய இரண்டு நாகர் கல். இந்தக் கட்டடங்கள் வருவதற்கு முன்னால் இங்கே வயல் இருந்தபோதே இருந்தவை, கட்டியவர்கள் அதைத் தொடாமல் சுற்றிச் சுவரெழுப்பினார்கள். ஒவ்வோர் ஆடியிலும் பின்கேட்டைத் திறந்துவிடுவோம், ஊர்ப் பெண்கள் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்கள் அதைக் 'கார்னர் கோயில்' என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது நாகாத்தம்மன். எங்கள் வளாகத்தில் பரிந்துரைக்கத் தகுந்தது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். ஷட்டில் கோர்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, இந்த மண் என்னவாக இருந்தது என்று சொல்ல இந்த இரண்டு கல்லும் ஒரு மரமும்தான் மிச்சம். பத்து வருடமாக இங்கே இருக்கும் பலர் அந்த மூலைக்குப் போனதே இல்லை.

ஆனால் இதற்கு அசோசியேஷன் சம்மதம் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவர் எங்களுடையது, சாமி அவர்களுடையது. போன ஆடியில் பொங்கல் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது பூசாரி ஐயாவிடம் போனைக் காட்டி விளக்கினேன். அவருடைய பேத்தி அந்த விளையாட்டு தெரியும் என்றாள், பாதி வேலை அவளே செய்துவிட்டாள். படத்தில் வரலாமா, பெயர் எப்படிப் போடுவது என்று கேட்டேன். நாகாத்தம்மன் என்றே போடச் சொன்னார். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போடுங்கம்மா. ஆனா செருப்போட நின்னு வெளையாடக் கூடாது, அத மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

பெயரைத் தமிழிலேயே எழுதினேன். விளக்கத்தில் மரத்தின் கதை மூன்று வரி, ஆடிப் பொங்கல் ஒரு வரி, கடைசி வரியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவும் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் வரிசையில்தான் இருக்கிறது.