பி1 விளக்கு அணைய மூன்று வாரம்

1999-ல் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். தொழிற்சாலை கோவையில், விற்பனை ஆபீசும் குடோனும் சென்னை கிண்டியில். இரண்டு இடத்திலும் தனித்தனி நோவெல் நெட்வேர் சர்வர் (ஃபைல்களைப் பொதுவில் வைத்துப் பகிரும் கம்ப்யூட்டர்), அதன்மேல் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய ஆர்டர், ஸ்டாக் புரோகிராம்கள். இரண்டுக்கும் நடுவே தொடர்பு என்றால் சேரன் எக்ஸ்பிரஸ்தான். அன்றைய கணக்கை ஃப்ளாப்பியில் ஏற்றி, கவருக்குள் போட்டு ஒட்டி, ராத்திரி வண்டியில் போகும் நம் ஆள் யார் கையிலாவது கொடுத்தனுப்புவோம். காலையில் கிண்டியிலிருந்து போன் வரும்: "சார், ரெண்டாவது ஃப்ளாப்பி படிக்கலை." குடோனில் இல்லாத மோட்டாருக்கு பில் போட்டு டீலரிடம் திட்டு வாங்கிய நாட்கள் நிறைய.

மோடம் வைத்துப் பார்த்தோம். எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) லைனில் 33.6 கிலோபிட் மோடம் பாதியிலேயே அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாள் முழுக்க நமக்கென்றே இருக்கும் லீஸ்டு லைனின் வாடகையைக் கேட்டதுமே முதலாளி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நாள் முழுக்க லைன் திறந்திருக்க நமக்கு அவ்வளவு வேலையும் இல்லை. அப்போதுதான் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் போன் லைன் பற்றிய பேச்சு வந்தது. தேவைப்படும்போது மட்டும், இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் பெட்டியான ரூட்டரே டயல் செய்யும், ஓரிரு நொடியில் இணைப்பு வந்துவிடும், வேலை முடிந்ததும் அதுவே துண்டித்துக்கொள்ளும் என்றார்கள்.

சாதாரண போனுக்கு வரும் அதே இரண்டு செப்புக் கம்பிதான். அதில் 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு பி சேனல், 16 கிலோபிட்டில் ஒரு டி சேனல். பேச்சும் தரவும் பி-யில் போகும். யாரை அழைப்பது, எப்போது துண்டிப்பது என்ற தகவலெல்லாம் டி-யில். நான் அப்போது தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பி சேனலில் 1.44 எம்பி ஃப்ளாப்பி முழுசாகப் போய்ச்சேர மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு ராத்திரி ரயில் பயணம் மூன்று நிமிடமாகிறது. அந்தத் தாளைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன்.

விண்ணப்பம், டிமாண்ட் நோட், பணம் கட்டியது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு வாரம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என்டி1 பெட்டியைச் சுவரில் மாட்டிய நாளிலிருந்துதான் பாடு ஆரம்பம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பியை ரூட்டருக்கு வேண்டிய நான்கு கம்பியாக மாற்றித் தருவது அந்தப் பெட்டி. அதன் விளக்கு நிலையாக எரிய வேண்டும். எங்களுக்கு மினுக் மினுக்கென்றே இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு லைன்மேனை அழைத்தேன். ரிட்டையராக ஒரு வருஷம் இருந்த மனிதர். மீட்டரைப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஜோடிக் கம்பில முன்னாடி எக்ஸ்டென்சன் ஏதும் இழுத்திருந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா, புது லைனுங்க."

"லைன் புதுசு, கம்பி பழசு தம்பி."

கட்டடத்தைச் சுற்றி நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஷெட்டின் ஓட்டுக்கடியில், சிலந்திவலைக்குள் ஒரு பழைய ரோசெட் பெட்டி. என்றைக்கோ அங்கே ஒரு போன் இருந்திருக்கிறது. போன் போய்விட்டது, கம்பி மட்டும் இணைப்போடு தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு அது தொந்தரவே செய்யாது. டிஜிட்டல் சிக்னலோ அந்த மொட்டைக் கம்பியின் நுனிவரை போய், முட்டித் திரும்பி வந்து, நல்ல சிக்னலைக் குழப்பிவிடும். கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் விளக்கு ஆடாமல் எரிந்தது. இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ரூட்டரைத் தொடுவதற்கு முன்னால் கம்பி எங்கெங்கே போகிறதென்று நடந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் சிஸ்கோ 1603 ரூட்டர். கையேட்டின் மாதிரிகளில் பாதிக்கு ஸ்பிட் என்று ஓர் எண் கேட்டது. அது வட அமெரிக்காவில் மட்டும் உள்ள வழக்கம். நம் ஊர் லைன் ஐரோப்பிய முறை, பேசிக்-நெட்3 என்று எக்ஸ்சேஞ்ச் ஸ்விட்ச் வகையைக் கொடுத்தால் போதும், ஸ்பிட்டே வேண்டாம். இது தெரியாமல் இரண்டு நாள் எக்ஸ்சேஞ்சில் எல்லோரிடமும் ஸ்பிட் கேட்டு அலைந்தேன்.

பிறகு டயல் செய்தால் உடனே துண்டிப்பு. ரூட்டர் செய்வதை வரிவரியாகக் காட்டும் டீபக் கட்டளையைப் போட்டுப் பார்த்ததில் காரண எண் 57 என்று வந்தது. இந்த எண்கள் ஐஎஸ்டிஎன் அழைப்புகளுக்கான க்யூ.931 நெறிமுறையில் உள்ளவை. எதிர்முனை பிஸி என்றால் 17, ஒழுங்காக முடிந்த அழைப்பு என்றால் 16. 57 என்றால் நீ கேட்கும் வகை சேவைக்கு இந்த லைனில் அனுமதி இல்லை என்று பொருள். லைனைப் பேச்சுக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள், 64 கிலோபிட் தரவுக்குத் திறக்கவில்லை. "லைன் வேலை செய்யலை" என்று போனால் யாரும் காது கொடுக்கவில்லை. 57 என்ற எண்ணை எழுதி நீட்டியதும் எக்ஸ்சேஞ்சின் ஜேடிஓ (இளநிலை டெலிகாம் அதிகாரி) டெர்மினலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார்.

அடுத்தது சாப், அதாவது இரண்டு ரூட்டரும் கடவுச்சொல்லை வைத்து அடையாளம் சரிபார்க்கும் சோதனை. அழைப்பு இணைந்து, ஒரு நொடி நின்று, விழுந்தது. இரண்டு ரூட்டரிலும் ஒரே கடவுச்சொல் இருக்க வேண்டும், எதிர்ப்பக்க ரூட்டரின் பெயரைப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் தர வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிண்டியில் கடவுச்சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போனது. திரையில் அது தெரியாது, ரூட்டருக்கு அதுவும் ஓர் எழுத்து. அழித்துவிட்டு மறுபடி அடித்தோம். கிண்டிப் பையன் போனில், "சார், பிங் வருது, பிங் வருது" என்று கத்தினான். எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறது என்று பொருள். எங்கள் அறையில் நாலு பேர் எழுந்து நின்று கைதட்டினோம்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாதிதான் முடிந்திருந்தது.

ரூட்டரின் முன்பக்கத்தில் பி1 விளக்கு எரிந்தால் முதல் சேனலில் அழைப்பு ஓடுகிறது, எஸ்டிடி மீட்டர் சுற்றுகிறது. 120 நொடி பயனுள்ள போக்குவரத்து இல்லையென்றால் துண்டிக்கும்படி வைத்திருந்தோம். விளக்கு அணையவே இல்லை. காரணம் எங்கள் நெட்வேர் சர்வர்கள். நோவெல் உலகில் ஒவ்வொரு சர்வரும் 60 நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன், என்னிடம் இந்தச் சேவைகள் உண்டு" என்று அறிவிக்கும். பாதைப் பட்டியலும் அதேபோல் 60 நொடிக்கு ஒருமுறை. போதாக்குறைக்கு, தன் லைசென்ஸில் இன்னொரு சர்வர் ஓடுகிறதா என்று ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக ஒருமுறை விசாரிக்கும். ஒரே கட்டடத்துக்குள் இது காசில்லாத பேச்சு. எங்களுக்கோ ஒவ்வொன்றும் 120 நொடிக் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் தள்ளியது.

எந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) வந்தால் டயல் செய்யலாம் என்று ரூட்டருக்குப் பட்டியல் தரலாம். நெட்வேர் பேசும் ஐபிஎக்ஸ் நெறிமுறையில் மேலே சொன்ன மூன்று வகைப் பேச்சுக்கும் உரிய சாக்கெட் எண்கள் 452, 453, 457. மூன்றையும் விலக்கினேன். அறிவிப்புகள் நின்றுபோனால் எதிர்ப்பக்க சர்வர் இருப்பதே தெரியாதல்லவா, அதனால் பாதையையும் சர்வர் பெயரையும் கையால் நிரந்தரமாக எழுதிவைத்தேன். விளக்கு அணைந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள், மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸ் வந்தேன். இருட்டு அறையில் பி1 பச்சையாக எரிந்தது. சேரை இழுத்துப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். அணைந்தது. சிறிது நேரத்தில் மறுபடி எரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டயல், இரண்டு நிமிடம் இணைப்பு, பிறகு துண்டிப்பு. கிண்டியில் எல்லோரும் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

யார் அழைக்கிறார்கள் என்று டீபக்கில் பார்த்தேன். எங்கள் கோவை சர்வர்தான். கிண்டியில் ஒருவர் கோவை சர்வரில் லாகின் செய்துவிட்டு, லாகவுட் செய்யாமல், கம்ப்யூட்டரையும் அணைக்காமல் போயிருக்கிறார். ஐந்து நிமிடம் ஓசையில்லாமல் இருக்கும் ஆளிடம் நெட்வேர் "இருக்கிறாயா?" என்று கேட்கும். அதற்கு வாட்ச்டாக் என்று பெயர். யாருமற்ற மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் ஒழுங்காக "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். இந்த ஒரு வரி விசாரிப்புக்காக விடிய விடிய கோவையிலிருந்து சென்னைக்கு எஸ்டிடி கால்.

அதற்கும் வழி இருந்தது. வாட்ச்டாக் ஸ்பூஃபிங் என்று ஒரு கட்டளை. சர்வர் பக்கத்து ரூட்டரே கிண்டி கம்ப்யூட்டரின் சார்பில் பதில் சொல்லிவிடும், லைனைத் தொடாது. அதைக் கோவை ரூட்டரில் போட்டேன். மறுநாள் ராத்திரியும் போய் உட்கார்ந்தேன், இந்த முறை டிபன் பாக்ஸுக்காக அல்ல. ஒரு மணி நேரம் பி1 எரியவில்லை.

ஃபாக்ஸ்புரோவை லைன் வழியே நேரடியாக ஓட்டலாம் என்ற ஆசையை அந்த வாரமே விட்டுவிட்டோம். ஒரு டீலர் பெயரைத் தேட இண்டெக்ஸ் ஃபைலை இங்கிருந்து அங்கே இழுக்கும், 64 கிலோபிட்டில் அது பொறுமையைச் சோதிக்கும். அன்றைய பதிவுகளை மட்டும் பிரித்து, பிகேஜிப் போட்டுச் சுருக்கி, கட்டணம் குறையும் ராத்திரி நேரத்தில் அனுப்புவது என்று மாற்றினோம். இரண்டாவது பி சேனல் தனி எஸ்டிடி காலாகவே கணக்காகும். பெரிய ஃபைலுக்கு இரண்டையும் திறந்தால் நேரம் பாதி, செலவு ஏறக்குறைய அதேதான். சின்னச் சின்ன வேலைக்கு அது திறந்தால் வீண். அதனால் பகலில் ஒரு சேனல் மட்டும்.

மூன்று வாரமும் நான் திருத்திய கான்ஃபிகரேஷனை டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் காரணம் எழுதி, ரூட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கிண்டிக்கும் ஒரு பிரதி போனது. அதைக் கவரில் போட்டு சேரனில் அனுப்பவில்லை, ஃபைலாகவே அனுப்பினேன்.