வரலாறு சிறப்புக்கலை முடிக்க என்னென்ன வேண்டும்?

ஏ.எல். பெறுபேறு வந்து இசட் ஸ்கோரும் வெளியாகிவிட்டால் என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகத்தான் இருக்கும். "ரீச்சர், கம்பஸில வரலாறு செய்து முடிக்க என்னென்ன வேணும்?" பிள்ளைகளும் கேட்கிறார்கள், தாய் தகப்பன்மாரும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புக்கலை முடித்து, இப்போது தீவகத்தில், அதாவது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளில், அதே பாடத்தைப் படிப்பிக்கிறவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வரலாறு படித்து என்ன வேலை எடுக்கலாம் என்ற கேள்விக்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

முதலில் கணக்கு. இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிற், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிற். வருடத்துக்கு 30 என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு கிரெடிற் என்றால் 50 மணித்தியால உழைப்பு. இந்த 50 மணித்தியாலத்தில் விரிவுரையில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நீங்கள் நூலகத்தில் இருந்து வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குப் படிப்பது. வருடத்துக்கு 1500 மணித்தியாலம். விரிவுரைக்குப் போய் நோட்ஸ் எழுதிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிற பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறை கொப்பியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாம் வருடத்தில் வரலாற்றை மட்டும் படிக்க முடியாது. வேறு பாடங்களும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக்கலைக்கு எடுப்பார்கள். அதனால் "முதல் வருசம்தானே, பாப்பம்" என்று இருந்துவிடாதீர்கள். வரவு 80 வீதம் வேண்டும். ஆங்கிலமும் சித்தியடைய வேண்டும். பட்டம் கிடைக்கக் குறைந்தது 2.00 ஜிபிஏ, முதலாம் வகுப்புக்கு 3.70. உங்கள் அணிக்குரிய கைநூலை பீடத்தில் வாங்கி முழுவதும் வாசியுங்கள். அண்ணாமார் அக்காமார் சொல்வதை மட்டும் நம்பிப் பாடம் தெரிவுசெய்ய வேண்டாம். அவர்களுடைய அணிக்கு இருந்த விதி உங்களுக்கும் இருக்கும் என்றில்லை.

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கை, இந்தியா, ஐரோப்பா எல்லாம் வரும். ஏ.எல்லில் நன்றாகச் செய்த பிள்ளைகளுக்கு அவை பெரிய கஷ்டமாக இராது. கஷ்டப்படுத்துவது வரலாற்றியலும் ஆய்வு முறையியலும்தான். நடந்ததைப் படிப்பது ஒன்று, நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்பது வேறொன்று. அந்த இரண்டு பாடங்களையும் மனப்பாடம் செய்து கடந்து வந்தவர்கள் நான்காம் வருடத்தில் ஆய்வேடு என்று வரும்போது தவித்துப் போகிறார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விசயம். வரலாற்றுப் பட்டத்தின் உயிர் இந்த ஆய்வேடுதான். மற்றக் கிரெடிற்றெல்லாம் ஒழுங்காகப் படித்தால் தானாகச் சேரும். ஆய்வேட்டுக்கு மட்டும் இரண்டாம் வருடத்திலிருந்தே ஆயத்தமாக வேண்டும். ஏனென்றால் அதற்கு மூலாதாரம் வேண்டும், எங்களுடைய ஊரில் மூலாதாரம் தேடுவது லேசான வேலையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. 1990இல் தீவகம் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. வீடுகளில் இருந்த கடிதம், நாட்குறிப்பு, கணக்குக் கொப்பி எல்லாம் அங்கங்கே விடுபட்டுப் போயின. ஒல்லாந்தர் காலத் தோம்புகளை, அதாவது காணிப் பதிவேடுகளை, பார்க்க வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும், போனாலும் ஒல்லாந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் எங்களுடைய சனம் விடவில்லை. காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். எந்த இடப்பெயர்விலும் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரு பையில் போட்டு உறுதியையும் கொண்டு ஓடினார்கள். நான் ஆய்வேட்டுக்கு எடுத்தது அதைத்தான். 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தீவகத்து வேலணையில் எழுதப்பட்ட சீதன உறுதிகள். யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளுக்கும் மரபுரிமைக்குமான கட்டளைச் சட்டம் வந்தது அந்த வருடத்தில்தான். அதற்கு அடியில் இருந்தது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலியார்மாருக்கு, அதாவது உள்ளூர்த் தலைவர்களுக்கு, காட்டிச் சரிபார்த்த சட்டம் அது. முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற மூன்று பிரிவும் இன்றைக்கும் எங்களுடைய வீடுகளில் பேச்சில் இருக்கின்றன.

புத்தகத்தில் தேசவழமையை வாசிப்பது ஒரு மாதிரி, ஒரு சீதன உறுதியைக் கையில் எடுப்பது இன்னொரு மாதிரி. மேலே நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் திகதியும். கீழே காணியின் பெயர், பிறகு இலாச்சக் கணக்கு; இலாச்சம் என்பது எங்களுடைய ஊர் நில அளவு. அது வரகுக் கணக்கா நெற்கணக்கா என்று பார்க்காமல் பரப்பளவு எழுதினால் எல்லாம் பிழைத்துவிடும். வரகுக் கணக்கில் 16 இலாச்சம் ஒரு ஏக்கர், நெற்கணக்கில் 24 இலாச்சம் ஒரு ஏக்கர். அதற்குப் பிறகு நான்கு எல்லையும். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை என்று போகும். அந்த எல்லைப் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்துக் காணி உறுதியோடு பொருத்திக்கொண்டு போனால் ஒரு வட்டாரமே கண்முன் வந்துவிடும். கடைசியில் வீடு, வான்பயிர் (காணியில் நிற்கும் பயன்தரு மரங்கள்), கிணற்றில் பங்கு, தண்ணீர் கொண்டுபோகும் வழிவாய்க்கால் உரிமை. தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு பெறுமதி என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்குக் கிணற்றில் எத்தனை பங்கு எழுதினார்கள் என்பது, அந்தக் குடும்பம் அவளை எங்கே இருத்த நினைத்தது என்பதையே சொல்லும். காணி அவள் பெயரில் இருக்கும். ஆனால் பிறகு அதை விற்கும் உறுதியில் புருசனின் சம்மதமும் எழுதப்பட்டிருக்கும், சட்டம் அப்படி. எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் நின்றுவிடும்.

அதனால் தலைப்பைச் சின்னதாக எடுங்கள், உங்கள் ஊரிலிருந்து எடுங்கள். "யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாறு" என்று ஒரு ஆய்வேடு எழுத முடியாது. பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் மூலாதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நயினாதீவுக் கோயிலில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்று அதில் பொறித்திருக்கிறது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தைப் பற்றி யோசிக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை இருக்கிறது, அமெரிக்க மிஷன் பாடசாலைகளின் பதிவேடுகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே தேட நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம் இருக்கிறது.

வீடுகளுக்குப் போய்க் கேட்கும்போது ஒரு விசயம். உறுதி என்றால் சனம் பயப்படும், பிழையில்லை. காணிப் பிரச்சினை இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? முதல் நாளே உறுதியைக் கேட்காதீர்கள். வீட்டிலிருக்கும் அம்மம்மாவோடு இருந்து கதையுங்கள், யார் யாருக்கு எந்த வளவு போனது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். உறுதியை வெளியே கொண்டுபோகக் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டு மேசையிலேயே வைத்து எழுதுங்கள், படம் எடுப்பதற்கும் அனுமதி கேளுங்கள். ஆய்வேட்டில் ஆட்களின் பெயரை மாற்றி எழுதுங்கள். உறுதி இலக்கம் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவைத் தேடிப் பார்க்கலாம், அதற்கும் பொறுமை வேண்டும்.

அப்புறம், ஆய்வேட்டைக் கட்டும்போது துறைக்குக் கொடுக்கும் பிரதிகளோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று கட்டி உங்கள் ஊர் வாசிகசாலையில் கொடுங்கள், கட்டுகிற செலவு ஒன்றும் பெரிதில்லை. வேலணையில் என்னுடையதை எடுத்துப் பார்க்க விரும்புகிற பிள்ளைகள் எனக்கு எழுதினால் எங்கே கேட்கலாம் என்று சொல்கிறேன்.