ஆரஞ்சு சட்டைக்காரரும் பெரியப்பாவின் கல்வெட்டும்

பெரியப்பாவின் சதாபிஷேகப் பத்திரிகைக்குப் போட்டோ வேண்டுமாம். ஸ்டுடியோவில் எடுத்தால் ஆதார் அட்டையில் முறைப்பது மாதிரியே முறைக்கிறார். அதனால் போன மாதம் தஞ்சாவூரில், பெரிய கோயில் விமானத்துக்குக் கீழே பெரியம்மாவோடு நிற்க வைத்து நான் எடுத்த படமே போதும் என்று முடிவாகிவிட்டது. "பின்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, அவனை மட்டும் எடுத்துடுடா. உனக்குத்தான் கைவந்த கலையாச்சே."

இந்தப் பட்டம் அக்கா கல்யாண ஆல்பத்தில் வந்தது. மாப்பிள்ளை தலைக்கு நேர் பின்னால் முளைத்திருந்த ஈபி கம்பத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று முதல் குடும்பத்தில் யார் எந்த ஊருக்குப் போய் வந்தாலும் கம்பம், ஒயர், குப்பைத்தொட்டி, மாடு, பிளக்ஸ் பேனர் எல்லாம் என் இலாகா. ஒருமுறை ஊட்டியில் எடுத்த படத்தை அனுப்பி, சித்தப்பாவின் தொப்பையை லேசாக எடுத்துவிட முடியுமா என்று சித்தி கேட்டாள். அது பின்னணியில் இல்லை சித்தி, முன்னணியில் இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு வாரம் பேசவில்லை.

சரி, ஆரஞ்சு சட்டைக்காரர். கல் தளம் கொதிக்கிற மத்தியான வெயிலில் நாங்கள் மூவரும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் அடித்தளத்து விளிம்பில், நிழலில், கால்மேல் கால் போட்டு, மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பதினாலு படம் எடுத்தேன். பதினாலிலும் அதே இடம், அதே பை, அதே பார்வை. எதிரே இருக்கும் நந்தியாவது பரவாயில்லை.

ஆட்கள் நடமாடுகிற இடமென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. கேமராவை அசையாமல் வைத்துப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, போட்டோஷாப்பில் அடுக்கி மீடியன் என்று போட்டால், நகர்கிறவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுவார்கள். 1838இல் போட்டோ பிடிப்பதன் முன்னோடியான டாகேர் பாரிஸ் தெருவை எடுத்தபோது எந்த மென்பொருளும் இல்லாமலே அப்படித்தான் ஆனது. எக்ஸ்போஷருக்குப் பல நிமிடம் பிடித்ததால் வண்டி, குதிரை, கூட்டம் ஒன்றும் படத்தில் விழவில்லை. நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் தங்கிவிட்டார். நம்மவர் அந்த பூட்ஸ்காரரின் வம்சம். இவரிடம் மீடியன் வேகாது.

எனவே குளோன் ஸ்டாம்ப். பக்கத்துக் கல்லை நகலெடுத்து அவர்மேல் ஒட்டுகிற வேலை. இரவு பதினோரு மணிக்கு ஆள் போய்விட்டார், பையும் போய்விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் முழங்காலின் நிழல் மட்டும் தரையில் ஜம்மென்று கிடக்கிறது. பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று கதை விடுவார்களே (விழும், அதில் நின்றுதான் தப்பித்தோம்), நான் அதற்கு ஒருபடி மேலே போய் ஆளே இல்லாமல் நிழல் விழ வைத்துவிட்டேன். போதாக்குறைக்கு ஒரே கல் ஐந்து இடத்தில், ஒரே விரிசலோடு. சிற்பி ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

அலுத்துப்போய் போனில் இருக்கும் ஏஐ செயலியில் விரலால் வட்டம் போட்டேன். மூன்றே விநாடி. ஆள், பை, நிழல் எதுவும் இல்லை. சுத்தமான கருங்கல். அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நேற்று விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு போன்.

"டேய், எனக்குப் பின்னாடி இருக்கிற கல்வெட்டைப் பாத்தியா?"

பெரியப்பா முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவர், கல்வெட்டின்மேல் காகிதம் ஒட்டி, மை ஒற்றி நகலெடுக்கிற மைப்படி வேலையும் தெரிந்தவர். ராஜராஜன் தன்னுடைய 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாளில் விமானத்துக்குக் கலசம் கொடுத்ததைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். என் பிறந்தநாளை மட்டும் வருடத்துக்கு ஒரு தேதியில் சொல்வார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு கலங்கியது. குளோன் ஸ்டாம்ப் அசடு, இருப்பதைத்தான் நகலெடுக்கும். இந்த ஏஐ, இருந்திருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதை வரைந்துவிடும். சுற்றிலும் கல்லெல்லாம் எழுத்தாக இருந்ததால், ஆரஞ்சு சட்டைக்காரர் இருந்த இடத்தில் அது பாட்டுக்கு நாலு வரி வெட்டி வைத்திருக்கிறது. கிரந்தமும் இல்லை, வட்டெழுத்தும் இல்லை, ஜிலேபி.

"ரெண்டு நாளா லென்ஸ் வெச்சுப் பாக்கறேன். முதல் எழுத்து, கல்வெட்டெல்லாம் ஆரம்பிக்கிற 'ஸ்வஸ்தி'யில வர்ற 'ஸ்வ' மாதிரி இருக்கு. அச்சான கல்வெட்டுத் தொகுதியில இந்த நாலு வரி இல்லவே இல்லைடா!" குரல் நடுங்கியது. நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜா அவன் என்று ஆரம்பித்தார். ஆடிய 400 பெண்களுக்கும் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எந்த வீடு என்று பேரோடு வெட்டியவன், குடை பிடித்தவனையும் துணி வெளுத்தவனையும்கூட விடவில்லை. "அவன் யாரையும் விட்டவன் இல்லடா. இது விட்டுப்போன யாரோ!"

விட்டுப்போனவர் ஆரஞ்சு சட்டை போட்டிருந்தார் பெரியப்பா என்று தொண்டை வரை வந்தது.

அதற்குள் போன் கை மாறியது. பெரியம்மா. சமையலறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீ ஏதோ பண்ணியிருக்கேன்னு எனக்குத் தெரியும். நான் நின்ன இடத்துல கல்லு வழவழன்னு இருந்துது, சாஞ்சுக்கிட்டுதானே நின்னேன். வாயைத் திறக்காத. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வாசப்படி இறங்காத மனுஷன். தஞ்சாவூருக்கே தூக்கிட்டுப் போகாத குறையாத்தான் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு நாளா தெருக்கோடி வரைக்கும் தானா நடக்கறார். கோயிலைச் சுத்தி வரப் பலம் வேணுமாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். அவருக்கு லோயர் பெர்த் உறுதியாகிவிட்டது, எனக்கு வெயிட்டிங் லிஸ்ட் 23. லென்ஸ், டார்ச், அளவு நாடா எல்லாம் பைக்குள் போய்விட்டதாம். பத்திரிகையும் அதே படத்தோடு ஐந்நூறு அச்சாகிவிட்டது.

அந்த ஆரஞ்சு சட்டைக்காரர் சனிக்கிழமையும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கல்வெட்டு அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவர் எப்படியும் எழுந்திருக்க மாட்டார்.