லண்டனில் பொதிசெய்த அரிசி எந்த நாட்டு அரிசி?

2021 ஜனவரி இரண்டாவது வாரம். பிரெக்ஸிற்றால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையை விட்டு வெளியேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், வியாபாரிகளுக்குச் சுங்கப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பின்னேரம், நான் தயார்செய்து வைத்திருந்த இன்வொய்ஸைக் கையில் எடுத்த எங்கள் மூத்த ஊழியை என் மேசைக்கு வந்து கேட்டார்: "இந்த அரிசி எங்கே விளைந்தது?"

அது லண்டனில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழருடைய சரக்கு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவருடைய வான் ஒன்று பரிஸ் லாச்சப்பல் கடைகளுக்குப் போகும். அரிசி, மா, பிஸ்கட், ஊறுகாய், கருவாடு என்று ஒரு வீட்டுக்குத் தேவையான எல்லாம் அதற்குள் இருக்கும். அரிசிப் பக்கெற்றில் 'லண்டனில் பொதிசெய்யப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இது பிரித்தானிய உற்பத்தி என்ற உறுதிமொழியை அவருடைய இன்வொய்ஸில் அவருடைய பெயரால் எழுதியிருந்தேன். கையெழுத்து அவருடையது, பிழை என்னுடையது.

இந்தியாவில் விளைந்து மூட்டையில் வந்த அரிசியை லண்டனில் சின்னப் பக்கெற்றில் போட்டதால் அது பிரித்தானிய அரிசி ஆகிவிடாது. அப்படியே போயிருந்தால் பிரான்ஸின் கலே துறைமுகத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தவராக நின்றிருப்பார் அவர். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"தம்பி, புது ஒப்பந்தத்திலை வரி இல்லை எண்டுதானே ரீவியிலை சொன்னவங்கள்?"

"வரி இல்லைத்தான் அண்ணை. ஆனால் அது இந்த நாட்டிலை செய்த சாமானுக்கு மட்டும்."

"நான் இந்தியாவிலையிருந்து இறக்கேக்கை இஞ்சை வரி கட்டிப்போட்டன். பிறகு அங்கையும் கட்டோணுமோ?"

ஆம் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

அந்த மௌனத்தை அந்த மாதத்தில் பல தடவை கேட்டேன். தமிழரிடம் மட்டுமல்ல, சீனாவிலிருந்து உடுப்பு இறக்கி அயர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் பிரித்து அனுப்பிய ஆங்கிலேய வியாபாரிகளிடமும் அதே மௌனம்தான். ஒரு பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்தத் துறைமுகத்தால் வந்தாலும், ஒரு தடவை தீர்வை கட்டினால் போதும். பிறகு கிரேக்கம் வரைக்கும் யாரும் மறித்துக் கேட்கமாட்டார்கள். லண்டனில் ஒரு களஞ்சியத்தை வைத்துக்கொண்டு பாதி ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் தொழில் இந்த ஒரு வசதியின் மேல்தான் நின்றது. விலகல் பற்றிய விவாதங்களில் மீனும் இறையாண்மையும் குடியேற்றமும் பேசப்பட்ட அளவுக்கு இந்த விஷயம் பேசப்படவேயில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

எங்கள் மூத்த ஊழியைக்கு இந்தப் பத்திரங்கள் புதிதல்ல. 1993 ஜனவரி 1இல் உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கப் பத்திரம் தேவைப்படாத ஐரோப்பிய ஒற்றைச் சந்தை தொடங்கியபோது, டோவர் துறைமுகத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர்கள் பலர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பிறகு பெலிக்ஸ்ரோ துறைமுகத்தில் இறங்கும் ஆசியக் கொள்கலன்களுக்கு எழுதி அந்தக் கலையை மறக்காமல் வைத்திருந்தார். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் விலகுவோம் என்றபோது, எங்கள் அலுவலகத்தில் அதன் அர்த்தம் முழுவதும் விளங்கிய ஒரே ஆள் அவர்தான். எங்களைப் போன்ற இளையவர்களுக்கு அவர் சொல்லித் தந்தவைதான் 2021இல் எங்களைக் காப்பாற்றின.

ஆயத்தம் செய்ய எங்களுக்குக் கிடைத்த காலத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. நாடு 2020 ஜனவரி 31இல் விலகியது. ஆண்டு முடிவு வரைக்கும் பழைய விதிகளே தொடரும் இடைமாற்றுக் காலம். வர்த்தக ஒப்பந்தம் முடிவானதோ டிசம்பர் 24 அன்று, நத்தாருக்கு முதல் நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்; கையில் ஒரு வாரம். அதே நாட்களில் கொரோனாவின் புதிய திரிபுக்குப் பயந்து பிரான்ஸ் எல்லையை மூடியதால் ஆயிரக்கணக்கான லொறிச் சாரதிகள் மான்ஸ்ரன் பழைய விமான ஓடுபாதையிலும் நெடுஞ்சாலையிலும் நின்றார்கள். அந்தத் தடை பிரெக்ஸிற்றால் வந்ததல்ல. ஆனால் ஒரு எல்லை அடைபட்டால் என்ன நடக்கும் என்று புதிய விதிகள் தொடங்க முந்தின வாரத்திலேயே கண்ணால் கண்டோம்.

ஜனவரியில் வேலையின் பெரும்பகுதி தொலைபேசியில் போனது. இந்தப் பக்கம் ஒரு ஏற்றுமதிப் பத்திரம், பிரான்ஸ் பக்கம் ஒரு இறக்குமதிப் பத்திரம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோட் இலக்கம். லொறி கென்ற்டுக்குள் நுழையவே ஒரு அனுமதி, அது ஏப்ரல் வரைக்கும் இருந்தது. சாமான் அடுக்கும் மரத்தட்டுகள்கூட வெப்பமூட்டிப் பூச்சி நீக்கி முத்திரை குத்தியவையாக இருக்கவேண்டும்.

கார் உதிரிப்பாகம் அனுப்பும் பெரிய கம்பனிக்கு ஒரு லொறி நிறைய ஒரே சாமான். ஒரே கோட், ஒரே பத்திரம். பலசரக்கு வானுக்கோ நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள், அதில் பாதிக்கு வெவ்வேறு கோட். நாங்கள் பத்திரத்தில் எழுதும் ஒவ்வொரு கோட் இலக்கத்துக்கும் தனித்தனியே காசு எடுப்பவர்கள். நாற்பது அடி லொறிக்கு வந்த செலவைவிட அந்தச் சின்ன வானுக்கு வந்த பத்திரச் செலவு அதிகம். அந்த பில்லை அவருக்கு அனுப்பும்போது கை கூசியது. பத்துப் பேருடைய சரக்கைச் சேர்த்து ஒரு லொறியில் ஏற்றுவது இன்னொரு கரைச்சல்: ஒருவருடைய பத்திரம் பிழைத்தால் மற்ற ஒன்பது பேருடைய சாமானும் கலேயில் நிற்கும். அதனால் சில்லறையாய் அனுப்புகிறவர்களை ஏற்ற லொறிக்காரர் பின்னடித்தார்கள்.

கருவாட்டுக்கும் மாசிக் கருவாட்டுக்கும் அரசாங்க அனுமதி பெற்ற மிருக வைத்தியரோ அதிகாரியோ கையெழுத்திட்ட ஹெல்த் சேட்டிபிக்கற் வேண்டும். சில பெட்டிக் கருவாட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. மூன்றாம் வாரமே அந்த வியாபாரி கருவாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

ஐரோப்பா முதல் நாளிலிருந்தே எங்கள் சரக்கைச் சோதித்தது. அந்த ஜனவரியில் நெதர்லாந்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த சாரதி ஒருவருடைய சாண்ட்விச்சைக்கூட, உள்ளே இறைச்சி இருக்கிறதென்று எடுத்துவிட்டார்கள். விதி அப்படி, அவர்களில் குற்றமில்லை. ஆனால் பிரித்தானியா தன் பக்கச் சோதனையைத் திரும்பத் திரும்ப ஒத்திவைத்தது. அங்கிருந்து வரும் பல உணவுகளுக்கு ஹெல்த் சேட்டிபிக்கற் கட்டாயமானது 2024 ஜனவரி 31இல். நேரடிச் சோதனை ஏப்ரல் 30இல். இந்த மூன்று வருடமும் பிரெஞ்சுச் சீஸ்காரர் சோதனையில்லாமல் இங்கே விற்றார், இங்கிலாந்துச் சீஸ்காரர் அங்கே அனுப்ப வைத்தியரைத் தேடி அலைந்தார். ஒவ்வொரு திகதியையும் நம்பி ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தவர்களுக்குத்தான் நட்டம். ஒன்றும் செய்யாமல் இருந்தவர் தப்பினார். ஒரு அரசு தன் சொல்லை நம்பினவர்களுக்கு இப்படிச் செய்யக்கூடாது என்று அன்றும் கோபப்பட்டேன், இன்றும் படுகிறேன். சோதனை தொடங்கியபோது பலவீனமான சின்ன இறக்குமதிக்காரர் தலையில்தான் கட்டணமும் விழுந்தது: ஒரு வகைப் பொருளுக்கு 29 பவுண் வரை, ஒரு சரக்குக்கு உச்சம் 145 பவுண்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். தனியே போனதால் பிரித்தானியா 2023இல் வளர்முக நாடுகளுக்குத் தன் சொந்த வரிச்சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கைச் சாமான் இங்கே இறங்குவதற்கு அதில் நன்மை உண்டு. ஆனால் அந்தச் சலுகை டோவரோடு நின்றுவிடும். விலகாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் என்பது பிரித்தானியாவின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. எனக்கு அந்த 4 வீதம் என்றால் அந்த வியாழக்கிழமை வான்தான்.

2022இல் அவர் வானை நிறுத்தினார். கொழும்பிலிருந்து நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்துக்கு நேரடியாகக் கொள்கலன் எடுத்து, அங்கேயே ஒரு இடம் வாடகைக்குப் பிடித்தார். இலங்கைச் சாமான் ஐரோப்பாவுக்குள் நேரே இறங்கினால் அங்குள்ள வரிச்சலுகை கிடைக்கும், லண்டன் சுற்றி வந்தால் போய்விடும். அந்தக் கணக்கை நான்தான் அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். கணக்கு சரி. லண்டன் களஞ்சியத்தில் பக்கெற் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் வேலை இல்லாமல் போனார்கள். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்த அக்கா.

2025 மே 19இல் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் உணவுச் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாடு ஒன்றை நோக்கிப் பேசுவதாக அறிவித்தன. அன்று பின்னேரமே அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, இனி சேட்டிபிக்கற் வேண்டாமாம், உண்மையோ?"

"பேசி முடிச்சால் கருவாட்டுக்கு லேசாகும் அண்ணை."

"அரிசிக்கு?"

"அரிசிக்குப் பத்திரமும் வரியும் அப்பிடியேதான். அது வேறை விஷயம்."

"அப்ப ரொட்டர்டாம் ரொட்டர்டாமாவே இருக்கட்டும்," என்றார். பிறகு அந்த அக்காவுக்கு இப்போது எங்கே வேலை என்று விசாரித்தார்.