நாவூ: ஓசிச் செங்கல்லும் 55 டாலர் டாக்ஸியும்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஃபோர்ட் மேடிசன் ரயில் நிலையத்திலிருந்து நாவூவுக்கு 30 டாலர் என்று பேசி ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர், இறங்கும்போது 55 கேட்டார். நடுவில் மிசிசிப்பி மேல் ஒரு சுழல் பாலம். 1927-இல் கட்டியது. கீழே ரயில், மேலே கார். சரக்குப் படகு வந்தால் பாலத்தின் ஒரு துண்டு அப்படியே பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். நான் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்த அந்த இருபது நிமிடத்துக்குத்தான் 'காத்திருப்புக் கட்டணம்'. "பாலம் திறந்தது என் தப்பாங்க?" என்றேன். "என் தப்பும் இல்லையே" என்றார். ராத்திரிச் சாப்பாடு பையிலிருந்த பிஸ்கட்.

நாவூ அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆற்றின் வளைவில் இருக்கிறது. இன்றைக்கு ஆயிரம் பேர்கூட இல்லை. 1838-இல் மிசூரி ஆளுநர் மார்மன் என்ற கிறித்தவச் சபையினரை விரட்ட ஆணை போட, மறு வருஷம் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தன் ஆட்களோடு இங்கே வந்து சேர்ந்தார். அப்போது சதுப்பு நிலம். மலேரியாவில் பலர் செத்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, ஐந்தாறு வருஷத்தில் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊராக்கினார்கள். கொசு இன்னும் காலி செய்யவில்லை; என் கணுக்கால் சாட்சி.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த இலவசங்களைச் சொல்லாமல் முடியாது. பழைய வீடு, கொல்லன் பட்டறை, பேக்கரி, எதற்கும் டிக்கெட் கிடையாது. 1840-களின் உடையில் நிற்கும் தொண்டர்கள் கதை சொல்லி, கையிலும் எதையாவது திணிக்கிறார்கள். கொல்லன் பட்டறையில் லாட ஆணியை வளைத்து ஒரு மோதிரம். பேக்கரியில் இஞ்சி பிஸ்கட் (மறுபடியும் பிஸ்கட்!). செங்கல் சூளையில் ஒரு குட்டிச் செங்கல். விமானத்தில் அதை எப்படிக் கொண்டுபோவது என்று அப்புறம்தான் உறைத்தது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு டாக்டர். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த லிராய் கிம்பல், பழைய மார்மன் தலைவரான தன் கொள்ளுத்தாத்தா ஹீபர் கிம்பலின் வீட்டை 1954-இல் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்தார். கூட்டம் வர ஆரம்பித்தது. 1962-இல் ஊரையே மீட்டெடுக்க மார்மன் சபையின் பின்பலத்தோடு ஒரு நிறுவனம் அமைத்தார்கள்.

மதியம் எலுமிச்சை பிழிந்த கெளுத்தி மீன் வறுவல். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். விலையைப் பார்க்காமல் இரண்டாவது தட்டு சொன்னேன். அதற்கப்புறம் ஒரு காபிக்குக்கூட யோசிக்க வேண்டியதாயிற்று.

அங்கே பக்கத்து மேசையில் யூட்டாவிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி. அந்த அம்மாவின் முன்னோர் 1846-இல் இந்த ஊரைவிட்டுப் போனவர்கள். மேட்டில் வெள்ளையாக நிற்கும் ஆலயத்தைக் காட்டி, வாய் சும்மா இராமல், "இது புதுசுதானே, இதில் என்ன சரித்திரம்?" என்று கேட்டுவிட்டேன். உண்மையில் அது 2002 ஜூன் 27-இல் அர்ப்பணித்த கட்டடம். பழைய ஆலயத்தை 1848-இல் யாரோ கொளுத்தினார்கள். மிச்சச் சுவரை 1850-இல் சூறாவளி தள்ளியது. ஊர்க்காரர்கள் கல்லை எடுத்துப் போய் வீடு கட்டினார்கள். 1960-களில் தோண்டி அடித்தளத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் திறந்தபடி விட்டிருந்தால் நான் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். இப்போது என்னைப் போலச் சபையில் இல்லாத வெளியாள் உள்ளே போகவும் முடியாது.

அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்க வீட்டை எரிச்சுட்டா, திரும்பக் கட்டுவீங்களா, சாம்பலை வேலி போட்டுக் காட்டுவீங்களா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஆற்றங்கரையில் ஸ்மித் குடும்பத்தின் மரவீடு என் பக்கம் சாட்சி சொல்லும். ஜோசப் செத்தபின் அடுத்த தலைவர் பிரிகாம் யங் பின்னால் பெருங்கூட்டம் மேற்கே யூட்டாவுக்குப் போனது. ஜோசப்பின் மனைவி எம்மா போகவில்லை. 1879-இல் சாகும்வரை நாவூவில்தான். மகன் தலைமையேற்ற தனிச் சபைதான் இந்த வீடுகளை வெகுகாலம் காப்பாற்றியது. 2024 மார்ச்சில் இவற்றோடு ஒஹாயோவின் கர்ட்லாண்ட் ஆலயத்தையும் கையெழுத்துப் படிகளையும் சேர்த்து யூட்டா சபை 19.25 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நம் கணக்கில் அன்றைக்குச் சுமார் 1,600 கோடி ரூபாய். நான் 25 டாலருக்கு மூக்கால் அழுகிறேன்.

பக்கத்து ஊரான கார்த்தேஜின் பழைய சிறைக்கும் அந்தத் தம்பதியே கூட்டிப்போனார்கள். தன்னை எதிர்த்த பத்திரிகையின் அச்சகத்தை உடைக்க உத்தரவிட்டது மேயர் ஜோசப் ஸ்மித்தேதான். அந்த விவகாரம்தான் அவரை இங்கே கொண்டுவந்து அடைத்தது. 1844 ஜூன் 27 மாலை, முகத்தில் கரி பூசிய கும்பல் மாடியேறிச் சுட்டது. அண்ணன் ஹைரம் அறைக்குள்ளேயே விழுந்தார், ஜோசப் ஜன்னல் வழியே. 1903-இல் 4,000 டாலருக்குச் சபை இந்தச் சிறையை வாங்கியது. அதே மரக்கதவு, அதில் அதே குண்டு ஓட்டை. அந்த அம்மா ஓட்டையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். புதுசா பழசா என்று நானும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் பார்லி தெருவில் நடந்தோம். 1846 பிப்ரவரிக் குளிரில் ஊரைவிட்டுப் போன மார்மன்கள் வண்டி கட்டி ஆற்றைக் கடக்க வரிசையில் நின்ற தெரு. வழியெல்லாம் அவர்கள் நாட்குறிப்பு வரிகளைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா ஒன்றைக்கூட விடாமல் சத்தமாகப் படித்தார். தெரு முடிகிற இடத்தில் ஆறு. 1913-இல் கீழே கியோகக்கில் அணை கட்டியதில் தண்ணீர் ஏறி, அன்றைய கரை மூழ்கிவிட்டது.

மறுநாள் ரயிலடிவரை அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பாலம் மறுபடியும் திறந்துதான் கிடந்தது. காரில் உட்கார்ந்து மூவரும் இஞ்சி பிஸ்கட் தின்றோம்.