வச்சிரம் காய்ச்சிய மே மாதம்

என் பெரியப்பாவின் கிட்டார் பதினெட்டு ஆண்டுகள் காட்பாடி வீட்டுப் பரணில் கிடந்தது. கிறிஸ்தவ மருத்துவமனையில் பணியாற்ற வெளிநாட்டிலிருந்து வந்திருந்த செவிலியர் ஒருவர், 1970களின் நடுவில் ஊர் திரும்பும்போது அதைச் சபைப் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், கேரல் ரவுண்ட்ஸ் இரவுகளில் வேலூர்த் தெருக்களெல்லாம் அதன் ஒலியைக் கேட்டிருக்கின்றன. சிகாகோவில் 1892இல் தொடங்கி 1975 வரை இயங்கிய ஹார்மனி நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பலகையில் 64 என்ற மங்கலான மை முத்திரை தெரிகிறது.

சென்ற ஏப்ரலில் அதை இறக்கிப் பார்த்தபோது அது வாசிக்கும் நிலையில் இல்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அதாவது வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பாகம், முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது; அதன் நடுவே ஊசித் துளைகளின் வரிசையோடு ஒரு பிளவு ஓடியது. முகப்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு போல உப்பியிருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். பன்னிரண்டாம் மெட்டில், அதாவது விரற்பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதில், கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. இரண்டரைக்குள் இருக்க வேண்டிய இடம் அது.

கம்பிகளின் இழுவிசையை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சுருதி சேர்த்த நிலையில் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பலகையை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால், என்னை வருத்தியது இந்த முதுமை அல்ல. எப்போதோ ஒரு கடையில் கொடுத்துச் செய்த பழுதுபார்ப்புதான் உண்மையான காயம். பெயர்ந்த பிரிட்ஜை எபாக்சி பூசி ஒட்டி, அது போதாதென்று இரண்டு மர ஸ்க்ரூக்களை முகப்பலகை வழியாக இறக்கியிருந்தார்கள். உள்ளே பெயர்ந்திருந்த ஒரு தாங்குகட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கட்டை தன் இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நழுவிப் போயிருந்தது. வெள்ளைப் பசை நாற்காலிக்கு நல்லது. விடாத இழுவிசையும் வேலூர் வெயிலும் சேரும் இடத்தில், அது காய்ந்த பிறகும் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும்.

தோட்டப்பாளையத்தில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர். கிட்டார் வேலை செய்தவர் அல்லர். பிரிட்ஜின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, பளபளத்த எபாக்சியைப் பார்த்தார். பிறகு, உள்ளே ஆடிக்கொண்டிருந்த மற்றொரு தாங்குகட்டையின் அடியிலிருந்து உதிர்ந்த, தேன் நிறத்துத் துணுக்கு ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இது வச்சிரம் தம்பி. இதைச் செஞ்சவன் பிரிக்கறதுக்கு வழி வச்சிட்டுப் போயிருக்கான். அப்புறம் ஒட்டினவன்தான் வழியை அடைச்சிட்டான்."

"நாமும் வச்சிரமே போடலாமா, ஐயா?"

"அதைத்தான் போடணும். வேற எதுவும் அது மேல பிடிக்காது."

வச்சிரம் என்பது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. வட ஆற்காட்டில் பிறந்தவனாகிய நான் இதை ஐம்பது வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்குச் சற்று வெட்கம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுவதும் தோல் பதனிடும் ஊர்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்த பிறகு, பதனிடுவதற்கு முன்னால் வெட்டித் தள்ளும் ஓரத்துண்டுகளே இந்தப் பசைக்கு மூலப்பொருள்; குரோம் ஏறிய தோல் இதற்கு ஆகாது. பிளாஸ்டிக் பசைகள் வருவதற்கு முன் நம் ஊர்த் தச்சர்களுக்கும், சிகாகோவின் கிட்டார்த் தொழிற்சாலைக்கும் பசை என்றால் இதுதான்.

பிரிட்ஜை எடுப்பதற்கு இரண்டு நாட்கள் ஆயின. ஸ்க்ரூக்களைக் கழற்றி, பிரிட்ஜின் மேல் மடித்த துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்து, எபாக்சி இளகும் தருணம் பார்த்து மெல்லிய தகட்டுக் கத்தியை ஒவ்வொரு மில்லிமீட்டராக நுழைத்தோம். அப்படியும் இரண்டு இடங்களில் முகப்பலகையின் ஸ்புரூஸ் மர நார் கத்தியோடு வந்துவிட்டது. வச்சிரமாக இருந்திருந்தால் கால் மணி நேரத்தில், ஒரு நாரும் இழக்காமல், கழன்றிருக்கும்.

விரிசலை உடனே ஒட்டவில்லை. அது வறட்சியில் சுருங்கிய பலகை. சுருங்கிய நிலையில் பசையைத் திணித்து அடைத்தால், மழைக்காலத்தில் பலகை விரிந்து வேறெங்காவது நெளியும். துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, ஒலித்துளை வழியாக உள்ளே இறக்கி, துளையை மூடிப் பன்னிரண்டு நாட்கள் வைத்தேன். தொடக்கத்தில் தபால் அட்டை நுழையும் அளவு விலகியிருந்த விளிம்புகள், பதின்மூன்றாம் நாள் காலையில் மயிரிழை அளவாகச் சேர்ந்திருந்தன. பிறகு விரலால் பசையைத் தேய்த்து இறக்கி, உட்புறத்தில் நார் ஓட்டத்துக்குக் குறுக்காக ஐந்து சிறிய பைன் துண்டுகளை ஒட்டினோம்.

பசை காய்ச்சும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு வச்சிரக் குருணையை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டால், ஜவ்வரிசி போல உப்பி நிற்கும். அதை ஒரு சிறிய கிண்ணத்திலிட்டு, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் வலு போய்விடும். தூரிகையைத் தூக்கினால், நடுவில் விட்டுவிட்டுச் சொட்டாமல், ஒரே நூலாக இறங்க வேண்டும். பூசிய பிறகு கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதற்குள் பொருத்தி, கிளாம்ப் இறுக்கி, கையை எடுத்துவிட வேண்டும். குளிர்நாடுகளில் இதற்காக மரத்தைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்த வேலையை மே மாதமே செய்து கொடுத்தது. தகரக் கூரையின் கீழ் 42 டிகிரியில் பசை நிதானமாக உறைந்தது. மற்ற எல்லா வேலைக்கும் சாபமான அந்த வெயில் எங்களுக்கு இரண்டு நிமிட அவகாசம் கொடுத்தது. காயும்போது இந்தப் பசை சுருங்கி, இரண்டு மரங்களையும் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொள்கிறது.

உடைந்த பிரிட்ஜுக்கு மாற்றாக, பழைய பீரோக் கால் ஒன்றிலிருந்து ஈட்டி மரத்துண்டை எடுத்துப் பெரியவர் புதிதாக இழைத்தார். இழைப்புளியின் வாயிலிருந்து கத்தரிப்பூ நிறச் சுருள்கள் விழ விழ, பட்டறை முழுவதும் மணத்தது. பழைய பிரிட்ஜை எறியவில்லை. காகிதத்தில் சுற்றிக் கிட்டார்ப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

கழுத்தைக் கழற்றியதுதான் நான் மிகவும் அஞ்சிய கட்டம். மெட்டுகளின் மேல் நேர்கோலை வைத்துப் பார்த்தால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் உரச வேண்டும். இங்கே 3 மில்லிமீட்டர் கீழே இடித்தது. பல்லாண்டு இழுவையில் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்பது இதன் பொருள். முதலில் விரற்பலகையின் நுனியைச் சூடுகாட்டி முகப்பலகையிலிருந்து விடுவித்தோம். பிறகு பதினைந்தாம் மெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் இரண்டு சிறு துளைகள் போட்டோம். வீட்டுக் குக்கரின் விசில் குழாயில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையில் கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைப் பொருத்தி, கழுத்து உடலோடு பூட்டிக்கொள்ளும் புறாவால் பொருத்துக்குள் ஆவியைச் செலுத்தினோம். எட்டாவது நிமிடத்தில், ஈரம் சொட்ட, ஒரு பெருமூச்சு போன்ற ஒலியுடன் கழுத்து கையோடு வந்தது. அறுபது ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்த பசை, ஆவி பட்டதும் விட்டுக்கொடுத்தது. ஆவி பட்ட இடத்தில் வார்னிஷ் பனி படர்ந்தாற்போல வெளுத்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கழுத்தின் அடிக்கட்டையில் எவ்வளவு செதுக்குவது என்பதற்குக் கணக்கு உண்டு. அடிக்கட்டையின் உயரம் 95 மில்லிமீட்டர். உடலோடு சேரும் பதினான்காம் மெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 285. பிரிட்ஜில் தேவைப்படும் மாற்றம் 3. ஆகவே அடி நுனியில் ஒரே ஒரு மில்லிமீட்டர், மேலே போகப் போக ஒன்றுமில்லை என்று ஆப்பு வடிவில் எடுக்க வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரை எடுக்கப் பெரியவர் ஒரு முழு மாலையைச் செலவிட்டார். உளியால் இரண்டு முறை வருடுவார், பொருத்திப் பார்ப்பார், உப்புத்தாளை இடையில் வைத்து ஒரு முறை இழுப்பார், மறுபடி பொருத்துவார்.

பொருத்தின் உட்புறத்தில், தொழிற்சாலையில் யாரோ பென்சிலால் போட்ட ஓர் எண் இருந்தது. அறுபது ஆண்டுகளாக யாரும் பார்த்திராத அந்த எண்ணின் கீழே, "வச்சிரம். ஆவி போதும். வேலூர்" என்று எழுதி, மாதத்தையும் ஆண்டையும் குறித்துவிட்டுத்தான் கழுத்தை மீண்டும் ஒட்டினோம். அடுத்து இதைத் திறப்பவரின் கண்ணில் அது படும்.

பழைய மெருகை நாங்கள் சுரண்டவில்லை. இதைப் புதிதுபோல் ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். பெரியப்பாவின் முன்கை உரசி வெளுத்த இடமும், கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடமும் போய்விட்டால் அது அவருடைய கிட்டார் அல்ல. அவல்போல் தட்டையான செதில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, விரிசல் ஒட்டிய கோட்டின் மேல் மட்டும் துணிப்பொட்டலத்தால் ஏழெட்டு முறை ஒற்றினோம். பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டான சாடிலை எருமை எலும்பில் புதிதாகச் செதுக்கினோம். கம்பியும் மெல்லியதாக, மொத்த இழுவிசை சுமார் 60 கிலோவில் நிற்கும்படி, தேர்ந்தெடுத்தேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு ஜி கார்டைப் பிடித்தார். விரல்களில் முடக்குவாதம் இருப்பதால் எஃப் கார்டு வரவில்லை. வருபவற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாசித்தார். "அடி நாதம் அப்படியே இருக்குதுடா" என்று மட்டும் சொன்னார். இடைவெளியை அளந்தேன்: இரண்டரை மில்லிமீட்டர்.

நவம்பர் மழையில் முகப்பலகை ஈரம் குடித்து உப்பியதால், அது மூன்றுக்கு ஏறியது. பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் நடுப்புள்ளி. ஆகவே அங்கே அரை மில்லிமீட்டர் குறைய, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். ஏற்கெனவே இருப்பதைத் தேய்க்காமல், தாழ்வான இன்னொரு சாடிலைச் செதுக்கிப் பொருத்தினேன். உயரமான கோடைச் சாடில், தீப்பெட்டி ஒன்றில், பழைய பிரிட்ஜோடு கிட்டார்ப் பெட்டிக்குள் இருக்கிறது. மார்ச்சில் அதை மாற்ற வேண்டும்.